பேர்பெச்சுவாவின் பதின்மூன்று படங்கள்

பேர்லின் நொய்கெல்னில் பேர்பெச்சுவாவைத் தெரியாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தால், அது நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். தமிழ்ப் பூசையில் முன்வரிசை வலது பக்கக் கதிரை அவளுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் அவளுடையது. எழுபத்தொரு வயதிலும் முதுகு வளையவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது "நான் பள்ளிக்கூடத்திலை இருந்தனான்" என்றுதான் தொடங்குவாள். கேட்பவர் ரீச்சர் என்று நினைத்தால் சிரித்துக்கொண்டே, "ரீச்சர்மாருக்கு ஒரு திறப்பு, எனக்கு நாற்பத்திரண்டு திறப்பு" என்பாள். அத்தனை அறைகளின் திறப்பும் அவள் இடுப்பில் கிடந்து கிலுங்கியது உண்மைதான்.

ஆனால் திறப்புக்கொத்தைவிடப் பெரிய பெருமை ஒன்று அவளுக்கு இருந்தது. அது அவளுடைய செபப் புத்தகத்துக்குள் இருந்தது. பதின்மூன்று படங்கள்.

உள்ளங்கை அளவுக் கடதாசிப் படங்கள். ஓரமெல்லாம் ஊசியால் குத்தியெடுத்த மாதிரிப் பூப்பின்னல். பிரான்சில் அச்சடித்தவை. சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலங்களும் சேர்ந்த ஒரு தொகுதி. படத்துக்குக் கீழே சொல் ஏதும் கிடையாது, ரோமன் இலக்கம் மட்டும். பேர்பெச்சுவாவிடம் ஒன்று முதல் ஐந்து வரையும், ஏழு முதல் பதினான்கு வரையும் இருக்கின்றன. ஆறு இல்லை.

ஆறு ஏன் இல்லை என்பதைச் சொல்ல அறுபது வருடம் பின்னே போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடப் பள்ளிக்கூடம். விடுதியில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அப்போது படம் சேர்க்கிற பைத்தியம். இரண்டு அந்தோனியாருக்கு ஒரு செபஸ்தியார். மூன்று சூசையப்பருக்கு ஒரு குழந்தை தெரேசம்மாள், ஏனென்றால் தெரேசம்மாள் கையில் ரோசாப்பூ இருக்கும். சந்தை வியாபாரம் தோற்றுப்போகும். அந்த வருடத் தபசு காலத்துக்கு மதர் ஒடில் என்ற வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி தன் ஊரிலிருந்து இந்தத் தொகுதியை வருவித்திருந்தார். ஏழு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப் பாதை முடிந்ததும் இரண்டு கேள்வி, இரண்டு படம். சரியாகச் சொல்கிறவளுக்குப் படம். படத்தின் பின்பக்கத்தில் அவள் பெயரையும் திகதியையும் மதர் தன் கையாலேயே நீல மையில் எழுதிக் கொடுப்பார்.

பேர்பெச்சுவாவுக்குப் பதினொரு வயது. ஞானோபதேசத்தில் அவளை வெல்ல அந்த வகுப்பில் ஆளில்லை. முதல் இரண்டு வெள்ளியும் நாலு படங்களையும் அள்ளிக்கொண்டு போனாள். மூன்றாம் வெள்ளி ஐந்தாவதையும் எடுத்தாள். அதன் பிறகு மதர் கேட்டார், "வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைத்ததை எந்தச் சுவிசேஷம் சொல்கிறது?"

மற்றவர்கள் கை தூக்க முன்னமே பேர்பெச்சுவா எழுந்து நின்றாள். "லூக்காஸ், இருபத்துமூன்றாம் அதிகாரம், மதர்!" அவ்வளவு உறுதியாகச் சொன்னாளாம், சுவர்ப் படத்தில் இருந்த லூக்காஸே நம்பியிருப்பார்.

மதர் தலையை ஆட்டினார். இல்லை. பிறகு மத்தேயு என்றார்கள், மாற்கு என்றார்கள், அருளப்பர் என்றார்கள். எல்லாம் இல்லை. கடைசி வாங்கில் அன்ரனிற்றா இருந்தாள். வகுப்பில் கடைசிப் பிள்ளை, கணக்கிலும் கடைசி, தமிழிலும் கடைசி. மதர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நடுங்கிக்கொண்டே, "எனக்குத் தெரியாது மதர். ஒண்டிலையும் இல்லைப் போலை கிடக்கு" என்றாள்.

அதுதான் சரியான விடை. வெரோனிக்கா எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. சிலுவைப் பாதையில் மட்டும்தான் இருக்கிறாள்.

அடுத்த நாலு வெள்ளியும் மிச்ச எட்டுப் படங்களையும் பேர்பெச்சுவா வாங்கினாள். ஆறு மட்டும் அன்ரனிற்றாவிடம். கடைசி வெள்ளி பின்னேரமே பேரம் தொடங்கியது. ஐந்து அந்தோனியார் தருவதாகச் சொன்னாள். தெரேசம்மாள் இரண்டு தருவதாகச் சொன்னாள். நத்தார் பண்டிகைக்குக் கட்டின பட்டு நாடாவையும் சேர்த்துச் சொன்னாள். அன்ரனிற்றா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "தரமாட்டன்."

"உனக்கு ஒண்டை வைச்சு என்ன செய்யிறது? என்னட்டை வந்தால் பதினாலும் முழுசாகுமெல்லோ?"

"ஓம், முழுசாகும். தரமாட்டன்."

தெரியாமல் சொல்லி வென்றவள் அதைக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறாளே என்பதுதான் பேர்பெச்சுவாவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் முடியும் மட்டும் கேட்டாள். கிடைக்கவில்லை. பிறகு ஆளுக்கு ஒரு திசை, கலியாணம், கலவரம்.

எண்பத்தைந்தில் பேர்பெச்சுவாவும் கணவன் அல்பேர்ட்டும் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பை. அவள் பைக்குள் இரண்டு சேலை, ஒரு போர்வை, செபப் புத்தகம். சீருடைக்காரன் ஒருவன் புத்தகத்தை உதறினான். பதின்மூன்று படங்களும் மேசையில் விழுந்தன. ஏதோ இரகசியச் செய்தி என்று நினைத்தானோ என்னவோ, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பின்னால் வரிசை நெருக்கியது, அல்பேர்ட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அவன் எல்லாவற்றையும் கலைந்த சீட்டுக்கட்டுப் போல அள்ளித் தந்தான். பேர்பெச்சுவா அப்படியே வாங்கிக்கொண்டு நடந்திருக்கலாம். நடக்கவில்லை. அந்த மேசையிலேயே வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கப்படி அடுக்கினாள்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? வாரும்!" என்றார் அல்பேர்ட்.

"கொஞ்சம் பொறுங்கோ. எட்டும் ஒன்பதும் மாறிக் கிடக்கு."

சீருடைக்காரன் சிரித்துவிட்டானாம். அகதியாக வந்து இறங்கிய பத்தாவது நிமிடத்திலேயே ஜெர்மன்காரன் ஒருவனைக் காத்திருக்க வைத்தேன் என்று அவள் இன்றைக்கும் மார்தட்டுவாள்.

எண்பத்தொன்பது ஓகஸ்டில், ஜெர்மனியின் மேற்கு எல்லையில் இருக்கும் கேவலார் மாதாவின் தமிழ்த் திருவிழாவுக்கு முதல் முறை போனார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து என்று எங்கெங்கேயோ இருந்து சனம். சேலையும் வேட்டியும் மல்லிகைப்பூவும் மீன் ரோல்சுமாக அந்தச் சின்னப் பட்டினம் ஒரு நாளைக்கு மூச்சுவிட முடியாமல் நிற்கும். இத்தனை சனமும் வந்து கும்பிடுகிற மாதா பெரிய சுரூபம் அல்ல, உள்ளங்கை அளவு கடதாசிப் படம் ஒன்று என்பதைக் கண்டபோது பேர்பெச்சுவாவுக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. "பாத்தீங்களோ? ஒரு படம். படத்துக்குத்தான் இவ்வளவு சனமும்" என்று அல்பேர்ட்டை இடித்தாள்.

மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் முன்னுக்கு நின்ற பெண் திரும்பினாள். குட்டையான உருவம், ஒரு பக்கம் சாய்ந்த தலை. இருபது வருடத்துக்கு மேல் காணாதவள். கட்டிப்பிடித்து அழ வேண்டிய நேரம். பேர்பெச்சுவா வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "படம் இருக்கோ?"

அன்ரனிற்றா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இருக்கு. தரமாட்டன்."

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள். அன்ரனிற்றா கணவன் லோறன்சோடு கிறேபெல்டில் இருந்தாள், கேவலாருக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓகஸ்டும் அதே மெழுகுதிரி இடம், அதே கேள்வி, அதே பதில். கேள்வி கேட்காமல் சுகம் விசாரிப்பது கிடையாது. கொரோனா வந்து திருவிழா நின்ற வருடங்களில் பேர்பெச்சுவா திருவிழாச் சனிக்கிழமையன்று தொலைபேசி எடுத்துக் கேட்டாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இதைப் பார்த்தே வளர்ந்தார்கள். லோறன்ஸ் அல்பேர்ட்டின் தோளைத் தட்டி, "அண்ணை, இது தீராது, நாங்கள் போய்ச் சாப்பிடுவம்" என்று கூட்டிக்கொண்டு போவார்.

இடையில் ஒரு தடவை பதின்மூன்று பன்னிரண்டாகப் பார்த்தது. மகள் சாண்ட்ராவுக்குப் பத்து வயது. அப்போது ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் பெட்டைகளுக்கு டிடில் என்ற பெரிய பாதமுள்ள எலி போட்ட கடிதத் தாள்கள் சேர்க்கிற பைத்தியம். சாண்ட்ரா பதினோராம் ஸ்தலத்தை உருவிக்கொண்டு போய் வகுப்பில் ஒரு துருக்கிப் பிள்ளையிடம் ஒரு மினுங்கல் எலிக்கு மாற்றிவிட்டாள். பேர்பெச்சுவா வேலை உடுப்போடேயே அந்த வீட்டு மணியை அடித்தாள். பிள்ளையின் தாய்க்கு ஜெர்மன் குறைவு, இவளுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த அம்மாள் படத்தைக் கண்டதுமே குப்பையில் போடக்கூடாத பொருள் என்று விளங்கிக்கொண்டு, கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில் துணி விரித்து வைத்திருந்தார். இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார், தேத்தண்ணி குடிக்காமல் விடவுமில்லை. வீட்டுக்கு வந்து சாண்ட்ராவுக்கு நல்ல பேச்சு விழுந்தது. பேச்சு விழும்போதே பேர்பெச்சுவாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், மகளும் சேர்க்கிறவளாகத்தான் பிறந்திருக்கிறாள் என்று. அந்த எலித் தாள்கள் இன்று கெல்லர் நிலவறையில் ஒரு பெட்டிக்குள் கிடக்கின்றன. சாண்ட்ராவுக்குத் தூக்கி எறியவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் நேரமில்லை.

இந்த வருடம் மே மாதம் பேர்பெச்சுவாவின் பிறந்தநாள் வந்தது. சாண்ட்ரா இப்போது ஆஸ்பத்திரியில் தாதி. கேக் வெட்டியதும் ஒரு கடித உறையை நீட்டினாள். "அம்மா, கண்ணை மூடுங்கோ." உறைக்குள் கடதாசிப் பூப்பின்னல். வெரோனிக்கா துணியோடு குனிந்து நிற்கிறாள். கீழே ரோமன் இலக்கம் ஆறு.

பேர்பெச்சுவா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "அன்ரனிற்றா தந்தவளோ?"

"இல்லையம்மா, இன்டர்நெட்டிலை வாங்கினது. அறுபது வருசமாக் கேக்கிறியள், பாவமெண்டு தேடிப் பாத்தன். ரண்டு நாளிலை கிடைச்சிட்டுது."

"ரண்டு நாளிலையோ?"

"ஓம். உது எல்லா இடமும் கிடக்கு. சின்ன வயசிலை சேர்த்த ஜெர்மன் ஆக்கள் எல்லாம் இப்ப வயசு போய்ச் சாகினம். பிள்ளையள் வீட்டை ஒதுக்கேக்கை சப்பாத்துப் பெட்டி சப்பாத்துப் பெட்டியா விக்கினம். இந்த செட் பதினாலும் முழுசா மூண்டு பேர் போட்டிருந்தவை. வாங்கத்தான் ஆள் இல்லை."

பேர்பெச்சுவா படத்தைத் திருப்பினாள். பழைய ஜெர்மன் எழுத்து. அவளால் வாசிக்க ஏலாது. சாண்ட்ரா தட்டித் தடவி வாசித்தாள். ஹெட்விக் என்ற பிள்ளையின் முதல் நன்மை நினைவாக, 1931. உயிரோடு இருந்தால் நூற்றைத் தாண்டிய ஒருத்தி.

சந்தோசப்பட்டிருக்க வேண்டியவள்தான். அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உலகத்தில் இல்லாத பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்ததைச் சப்பாத்துப் பெட்டியில் கொட்டி வைத்திருக்கிறார்களாம், வாங்க ஆளில்லையாம். சாண்ட்ரா மேலும் கேட்டாள், கேட்காமல் விட்டிருக்கலாம். "அப்ப அம்மா, இனிப் பதினாலும் இருக்கு. உங்களுக்குப் பிறகு இதுகளை நான் என்ன செய்யிறது?"

"ஏன், எனக்கு இப்பவே பெட்டி அடிக்கிறியோ? கேக்கைச் சாப்பிடு."

அந்த ஆறாவதை அவள் செபப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெசினின் உத்தரவாதக் கடதாசி, பழைய பற்றரி எல்லாம் கிடக்கும் குசினி இலாச்சியில் போட்டாள். அல்பேர்ட் பார்த்துவிட்டு, "முழுசாகிட்டுதெல்லோ, பிறகென்ன?" என்றார்.

"எங்கை முழுசாச்சு? அவள் தந்தாத்தான் முழுசு."

லோறன்ஸ் மாசியில் இறந்திருந்தார். பேர்லினிலிருந்து இவர்கள் போக முடியவில்லை, அல்பேர்ட்டுக்கு அப்போது கண் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு அன்ரனிற்றா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, சித்திரையில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் பேசினாலும் இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுவாள். துக்கம் என்று பேர்பெச்சுவா நினைத்தாள்.

யூலைக் கடைசியில் அன்ரனிற்றாவின் மகள் பிறேமா எடுத்தாள்.

"அன்ரி, அம்மா இந்த முறை கேவலாருக்கு வரமாட்டாவாம்."

"ஏன்? வீல்செயார் இருக்குத்தானே? அரை மணித்தியாலப் பாதை!"

"அது இல்லை அன்ரி." பிறேமா குரலைத் தாழ்த்தினாள். "நேற்று எந்தச் சேலை கொண்டு வாறது எண்டு கேட்டன். விக்கி விக்கி அழுகிறா. பேர்பெச்சுவாவை எந்த முகத்தோடை பாக்கிறது எண்டு அழுகிறா. பிறகுதான் சொன்னவ. அப்பான்ரை பெட்டி மூடேக்கை கையிலை வைக்க ஒரு படம் வேணுமெண்டு பாதர் கேட்டவர். அண்ணா ஓடிப்போய் அம்மான்ரை செபப் புத்தகத்தைத் திறந்து, கையிலை பட்டதை எடுத்து அப்பான்ரை விரலுக்கை வைச்சிட்டார். அண்ணாவுக்குத் தெரியாது. அம்மாவும் அந்த நேரம் நிதானத்திலை இல்லை. முப்பத்தோராம் நாள் பூசையிலை புத்தகத்தைத் திறந்தாப்போலைதான் கண்டவவாம். வெரோனிக்கா இல்லை. அண்ணா மனம் நோவான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பேர்பெச்சுவாவின் மனதில் முதலில் எழுந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'அப்ப என்ரை படம் மண்ணுக்குள்ளையோ?' அதுதான் எழுந்தது. லோறன்சைப் பற்றி அல்ல, அழுகிறவளைப் பற்றி அல்ல. என்ரை படம். அறுபது வருடம் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அன்ரி, இருக்கிறியளோ?"

"இருக்கிறன் பிள்ளை."

"அம்மா அதை ஏன் தராமல் வைச்சிருந்தவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ? பள்ளிக்கூடத்திலை அவ வெண்டது அது ஒண்டுதானாம். அவவின்ரை பேரை ஒரு ரீச்சர் வடிவா எழுதித் தந்தது அந்த ஒருக்காத்தானாம். நாங்கள் மார்க்ஸ் குறைஞ்சு அழேக்கையெல்லாம் அதை எடுத்துக் காட்டுவா. 'வகுப்பிலை முதலாம் பிள்ளைக்குத் தெரியாததை நான் சொன்னனான்' எண்டு."

பேர்பெச்சுவா கதிரையில் இருந்துவிட்டாள். முதலாம் பிள்ளை. பதின்மூன்று படத்தை வைத்துக்கொண்டு, ஒன்று வைத்திருந்தவளிடம் வருடா வருடம் சனத்துக்கு நடுவே நின்று அதைக் கேட்டிருக்கிறாள். வெட்கம் காதுவரை சுட்டது. அதைவிடக் கூடுதலாக இன்னொன்றும் சுட்டது. தன் சிநேகிதி தோற்றுப்போனவளாக ஒரு அறைக்குள் இருக்கிறாள். அதை அவளால் பொறுக்க முடியவில்லை. அன்ரனிற்றாவை வெல்ல வேண்டும் என்றுதான் காலமெல்லாம் நினைத்தாள், தோற்றவளாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பிறேமா, நான் சொல்லுறதைக் கேள். கொம்மாவை எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வா. இழுத்துக்கொண்டெண்டாலும் வா. எனக்கு ஒண்டும் தெரியாது, நீ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. செபப் புத்தகத்தை மட்டும் மறக்காமல் பையிலை வை. வந்ததும் பையை ஒரு வாங்கிலை விட்டிட்டு அவளைக் கொஞ்சம் அங்காலை தள்ளிக்கொண்டு போ."

தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினி இலாச்சியைத் திறந்தாள்.

திருவிழாச் சனிக்கிழமை நல்ல வெயில். பேர்லினிலிருந்து முதல் நாளே பேருந்தில் வந்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பேர்பெச்சுவா வழமைபோல மெழுகுதிரி இடத்துக்குப் போகவில்லை. சதுக்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால், அல்பேர்ட்டை மறைப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு, காவல்காரி மாதிரி நின்றாள். பிறேமா தாயைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு வாங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அன்ரனிற்றா பாதியாகியிருந்தாள். தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிறேமா பையை வாங்கில் விட்டுவிட்டுத் தாயைக் கழிவறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

பேர்பெச்சுவா விறுவிறென்று போனாள். இருபத்தாறு வருடம் எத்தனையோ மேசை இலாச்சிகளைத் துடைத்தும் ஒன்றையும் இழுத்துப் பார்க்காத கை அது. இன்று இன்னொருத்தியின் பையைத் திறந்தது. செபப் புத்தகத்தில் சிலுவைப் பாதைப் பக்கங்களைத் தேடி, ஆறாம் ஸ்தலத்தில் வெரோனிக்காவை வைத்து மூடினாள். 

அவர்கள் திரும்பி வந்ததும், இப்போதுதான் வருகிறவள் போல எதிர்ப்பக்கத்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். சுகம் விசாரிக்கவில்லை. லோறன்சைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"படம் இருக்கோ?"

அன்ரனிற்றா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "பேர்பெச்சுவா... நான் உனக்கு ஒண்டு சொல்லோணும்."

"கதை எனக்கு வேண்டாம். இருக்கோ, இல்லையோ?"

"எடி, கொஞ்சம் பொறு. லோறன்ஸ் செத்த நேரம்..."

"நான் என்ன கேட்டனான், நீ என்ன சொல்லுறாய்? புத்தகத்தைத் திற. திறந்து பாத்துச் சொல்லு."

சண்டைக்காரியின் குரல். அந்தக் குரலுக்குப் பயந்தே அன்ரனிற்றா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். இல்லை என்று காட்டுவதற்குத்தான் திறந்தாள். பக்கம் தானாக விரிந்தது. வெரோனிக்கா துணியோடு நின்றாள்.

அன்ரனிற்றா புத்தகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள். விரலால் பூப்பின்னலைத் தொட்டாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதோடு விட்டிருந்தால் நல்லது. அவள் படத்தை எடுத்து மெல்லத் திருப்பினாள்.

பேர்பெச்சுவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்பக்கம்! மதர் ஒடிலின் நீல மை எழுத்து, அன்ரனிற்றாவின் பெயர், திகதி. அது இருக்க வேண்டிய இடத்தில் ஹெட்விக் இருக்கிறாள். அறுபது வருடமாக முன்பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தவள் பின்பக்கத்தை மறந்தே போனாள். ஞானோபதேசத்தில் முதலாம் பிள்ளை, இரண்டாம் முறையும் வெரோனிக்காவிடம் கோட்டை விட்டாள்.

அன்ரனிற்றா வாசித்தாள். அந்தப் பழைய எழுத்தில் பெயரை மட்டும் கூட்டி வாசிக்கவே நேரம் எடுத்தது. அவள் நிமிர்ந்து பேர்பெச்சுவாவைப் பார்த்தாள். பேர்பெச்சுவா மரத்தைப் பார்த்தாள், கோயில் கோபுரத்தைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரின் கண்ணும் நிறைந்திருந்தது. யாரும் துடைக்கவில்லை.

அன்ரனிற்றா படத்தைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தாள். மூடினாள். இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி வாங்கிலிருந்து எழுந்து நின்ற அந்தப் பிள்ளை போல, சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருக்கு. தரமாட்டன்."

"உனக்கு ஒண்டை வைச்சு என்ன செய்யிறது?"

"நீ இல்லை, ஹெட்விக் வந்து கேட்டாலும் தரமாட்டன்!"

பேர்பெச்சுவா சிரித்துக்கொண்டே அழுதாள். சுற்றி நின்றவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. அல்பேர்ட் மட்டும் தோளைத் தட்ட லோறன்ஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு, பிறேமாவைச் சாப்பாடு வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். பேர்பெச்சுவா சக்கர நாற்காலியை வாங்கித் தானே தள்ளினாள். பட்டம் பெற்ற பிள்ளையை ஊர்வலம் கொண்டுபோகிற தாயின் நடை அவளுக்கு வந்துவிட்டது. வழிவிடுங்கோ, வழிவிடுங்கோ என்று சனத்தை விலக்கினாள்.

ஞாயிறு பின்னேரம் பேர்லினில் பேருந்தடிக்குச் சாண்ட்ரா கார் கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. பேர்பெச்சுவா முன் இருக்கையில் ஏறிப் பட்டியைப் போட்டதும் சொன்னாள், "நீ அண்டைக்கு ஒண்டு கேட்டனியெல்லோ? எனக்குப் பிறகு படத்தை என்ன செய்யிறது எண்டு."

"அம்மா, நான் சும்மா கேட்டனான்."

"சும்மா இல்லை, கேக்க வேண்டியதுதான். கவனமாக் கேள். என்ரை கையிலை ஒரு படமும் வைக்கக் கூடாது. செபமாலை காணும். பதின்மூண்டும் உனக்கு."

"பதினாலு அம்மா. நான் வாங்கித் தந்ததையும் சேர்த்து."

"பதின்மூண்டு," என்றாள் பேர்பெச்சுவா. அந்த இலக்கத்தை அவள் இவ்வளவு பெருமையாக ஒருநாளும் சொன்னதில்லை. "ஆறாவது அன்ரனிற்றான்ரை. அவளுக்குப் பிறகு பிறேமாவுக்கு. நீ ஒவ்வொரு ஓகஸ்டும் கேவலாருக்குப் போகோணும். போய், பிறேமாட்டைப் படம் இருக்கோ எண்டு கேக்கோணும். சத்தமாக் கேக்கோணும்."

சாண்ட்ரா சிரித்தாள். "அவள் நல்லவள் அம்மா. கேட்டாத் தந்திடுவாள்."

"தந்தால் வாங்காதை."